மூணாவது கியர் தானா கழண்டு வருது, மொத்த கியர் பொட்டியையும் மாத்தணுமா?

கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்காரு. வயசு 34, வீட்டுலேர்ந்தே ஐடி வேலை. அவர் பேரையும் காரோட பேரையும் நான் இங்க போடல, நம்ம ஏரியாவுல அந்த மாடல் விரல் விட்டு எண்ணுற அளவுக்கு தான் இருக்கு, கலரை சொன்னாலே ஆளை சொன்ன மாதிரி ஆயிடும். ரெண்டு சீட்டு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார், என்ஜின் சீட்டுக்குப் பின்னாடி, கியர் பாக்ஸ் அதுக்கும் பின்னாடி, ஆறு கியர் மேனுவல், 2010 மாடல், இவர் மூணாவது ஓனர், ஓடினது 71,000 கிலோமீட்டர்.

அவர் எழுதுறது இது. ரொம்ப நாளாவே கியர் ராடு நியூட்ரல்ல இடது வலதா தொளதொளன்னு ஆடுதாம், ரெண்டுக்கு தள்ளினா சில நேரம் நாலுல போய் உக்காருதாம், ரிவர்ஸ தேடி தான் கண்டுபிடிக்கணுமாம். காலைல வண்டி எடுத்ததும் ரெண்டாவது கியர் போட்டா கர்ர்ர்னு ஒரு சத்தம், சூடானதும் போயிடுது. இப்ப புதுசா வந்தது தான் அவரை பயமுறுத்தியிருக்கு: மூணாவதுல போயிட்டிருக்கும்போது ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தா கியர் தானா கழண்டு நியூட்ரலுக்கு வந்துடுது. பொங்கல் லீவுல அவரோட மச்சான் வண்டிய வாங்கிட்டு ஈசிஆர்ல மரக்காணம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாரு, அடுத்த வாரமே இது ஆரம்பிச்சிருக்கு. பாண்டில ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினா, "தப்பா ஓட்டி கியர தள்ளுற ஃபோர்க்க தேய்ச்சிருக்காங்க, உள்ள எல்லாம் போச்சு, மொத்த கியர் பாக்ஸையும் மாத்தணும்"னு சொல்லி, வெளிநாட்டுலேர்ந்து வர்ற பழைய பொட்டிக்கு 5,80,000 ரூபா எஸ்டிமேட் குடுத்திருக்காங்க. வேண்டாம்னா செக் பண்ணதுக்கு 15,000 கட்டிட்டு வண்டிய எடுத்துட்டு போங்கன்னும் சொல்லியிருக்காங்க. கடலூர்ல தெரிஞ்ச லேத்காரர் ஒருத்தர் ஃபோர்க்க வெல்டு வச்சு குடுக்குறேன், சில ஆயிரத்துல முடிஞ்சிடும்ங்கிறாரு. மச்சானோட பேச்சுவார்த்தை நின்னு போச்சு, மனைவி வண்டிய வித்துடுங்கன்னு சொல்றாங்க. "அண்ணே, பொட்டிய மாத்தவா, வெல்டு வைக்கவா, இன்சூரன்ஸ்ல வருமா, மச்சான்கிட்ட பாதி காசு கேக்கலாமா"ன்னு நாலு கேள்வி.

தம்பி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். நாலு கேள்விக்கும் பதில் சொல்றேன், ஆனா அதுக்கு முன்னாடி உங்க மனசுல உக்காந்திருக்குற ஒரு விஷயத்த கழட்டணும். நீங்க மூணு தொல்லைய எழுதிட்டு அது எல்லாமே ஒரே நோய்னு முடிவு பண்ணிட்டீங்க, அந்த ஒர்க்‌ஷாப்பும் அப்படித்தான் சொல்லியிருக்கு. ராடு ஆடுறது வேற, காலைல கத்துறது வேற, மூணாவது கழண்டு வர்றது வேற. மூணும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தப்பட்டு இருக்கலாம், ஆனா பாக்க வேண்டிய இடம் மூணும் வேற வேற. ஆட்டம் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்காம பொட்டிய இறக்குறதே தப்பு, மாத்துறத பத்தி பேசுறது அதவிட தப்பு.

உங்க கைலேர்ந்து பல்லு வரைக்கும் என்ன இருக்குன்னு சுருக்கமா சொல்றேன். ராடுக்கு கீழ ஒரு பந்து மூட்டு, அதுலேர்ந்து ரெண்டு கேபிள் பின்னாடி போகுது, ஒண்ணு இடது வலது, எந்த வரிசைன்னு சொல்ற கேபிள், இன்னொண்ணு முன்ன பின்ன, கியர போடுற கேபிள். கேபிளோட ரெண்டு முனையிலயும் பிளாஸ்டிக் புஷ், அதாவது மூட்டு ஆடாம பிடிக்கிற சின்ன வளையம் இருக்கும். அது பொட்டிக்கு வெளிய இருக்குற செலக்டர் லிவர்ல மாட்டியிருக்கும். பொட்டிக்கு உள்ள செலக்டர் ஷாஃப்ட், அது ஷிஃப்ட் ராடுகள தள்ளும், ராடுல ஃபோர்க்கு, ஃபோர்க்கு ஸ்லீவுங்கிற பல்லு வச்ச வளையத்த தள்ளும், ஸ்லீவு, சுத்துற வேகத்த சமமாக்குற சிங்க்ரோ ரிங்க தாண்டி போய் கியரோட சின்ன பல்லுல கோத்துக்கும். இதுல பாதி பொட்டிக்கு வெளிய இருக்கு பாருங்க. ராடு தொளதொளன்னு ஆடுறதும், ரெண்டுக்கு பதிலா நாலு விழுறதும், ரிவர்ஸ் கிடைக்காததும், பெரும்பாலும் வெளிய இருக்குற புஷ்ஷும் கேபிளும் தான்.

கவனிக்க வேண்டியது இங்க தான். புஷ்ஷு தேஞ்சா நீங்க ராட முழுசா தள்ளினாலும் ஃபோர்க்கு முழு தூரம் போகாது, ஸ்லீவு பல்லுல பாதி கோத்துட்டு நின்னுடும். ஓட்டுறவருக்கு கியர் விழுந்த மாதிரியே தான் தெரியும். ஆனா பாதி பல்லுல முழு என்ஜின் பலம் போகுது, அதனால பல்லோட முனை கொஞ்சம் கொஞ்சமா உருண்டு போகும். அந்த சின்ன பல்லெல்லாம் நேரா இருக்காது, பின்பக்கம் லேசா சாய்ச்சு வெட்டியிருப்பாங்க, பலம் வரும்போது ஸ்லீவ உள்ள இழுத்து பிடிக்கிறதுக்காக. அது உருண்டு போச்சுன்னா உள்ள இழுக்க வேண்டியது வெளிய தள்ள ஆரம்பிச்சிடும், நீங்க கால எடுத்த உடனே பலம் திசை மாறுதுல்ல, அந்த நொடில கியர் கழண்டுடும். அதனால வருஷக்கணக்கா ஆடுற ராட சும்மா விட்டது தான் இன்னைக்கு மூணாவதுல வந்து நிக்குதோன்னு எனக்கு சந்தேகம் இருக்கு. அதே நேரம், கியர பிடிச்சு வைக்கிறது ஃபோர்க்கு தான்னு நீங்க நினைக்கிறீங்க, நிறைய மெக்கானிக்கும் அப்படி நினைக்கிறாங்க. ஃபோர்க்கு வேலை தள்ளி விடுறது, பிடிச்சு வைக்கிறது பல்லோட சாய்வும், ஷிஃப்ட் ராட அந்தந்த இடத்துல நிறுத்தி வைக்கிற டீட்டெண்ட், அதாவது ஒரு ஸ்பிரிங்கும் பால்ங்கிற இரும்பு குண்டும். ஃபோர்க்க மட்டும் மாத்திட்டு மூடினா, அதே மூணாவது சில மாசத்துல திரும்ப கழண்டு வரும்.

மழைத்தண்ணிய ஒரே வரில தாண்டிட்டீங்க

உங்க லெட்டர்ல ரெண்டாவது பக்கத்துல, "ஃபெஞ்சல் புயல் அப்ப வண்டி ரெயின்போ நகர்ல மச்சான் வீட்டு வாசல்ல ரெண்டு ராத்திரி நின்னுச்சு, சீட்டு வரைக்கும் தண்ணி வரல, அதனால பிரச்சனை இல்ல"ன்னு போற போக்குல எழுதியிருக்கீங்க. எனக்கு உங்க லெட்டர்லயே முக்கியமான வரி அது தான். 2024 நவம்பர் 30 ராத்திரி அந்த புயல் பாண்டி பக்கத்துல கரைய கடந்துச்சு, 24 மணி நேரத்துல 48 சென்டிமீட்டர் மழை, ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம்லாம் தெருவே தெரியல. உங்க வண்டி தரையோட தரையா இருக்குறது. சீட்டுக்கு தண்ணி வரலன்னா என்ன, கதவோட அடிவிளிம்பு வரைக்கும் வந்தாலே பொட்டிக்கு தண்ணி எட்டிடும்.

கியர் பாக்ஸுக்கு மேல மூச்சு விட ஒரு சின்ன ஓட்டை இருக்கும். ஓடி சூடான பொட்டி திடீர்னு குளிர்ந்த தண்ணில இறங்கினா உள்ள இருக்குற காத்து சுருங்கும், அந்த ஓட்டை வழியாவும் ஷாஃப்ட் சீல் வழியாவும் தண்ணிய உறிஞ்சிடும். நீங்க அன்னைக்கு தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியா தண்ணிய கிழிச்சுட்டு வந்து நிறுத்தினதா எழுதியிருக்கீங்க, அப்ப பொட்டி சூடா தான் இருந்திருக்கும். உள்ள போன தண்ணி ஆயில்ல கலந்து செலக்டர் ஷாஃப்ட், ஷிஃப்ட் ராடு, டீட்டெண்ட் பால் எல்லாத்துலயும் துரு வைக்கும். வழவழன்னு ஓட வேண்டிய ராடு துருப்புள்ளில சிக்கி முழு தூரம் போகாம நிக்கும். அதுவும் மூணாவது பாதில நிக்கிறதுக்கு ஒரு காரணம் ஆகலாம். கடல்காத்து உப்பு வேற கேபிள் உறைக்குள்ள வேலை பாக்கும், வெள்ளி கடற்கரை பக்கம் தினம் போற வண்டின்னா சொல்லவே வேணாம்.

"கியர் ஆயில் லைஃப்டைம், மாத்தவே வேணாம்"னு யாரோ சொன்னதால நீங்க இது வரைக்கும் மாத்தல. அத நம்பாதீங்க. தண்ணில நின்ன வண்டிக்கு அந்த பேச்சே கிடையாது, அன்னைக்கே வடிச்சு பாத்திருக்கணும். சரி, இப்ப பாருங்க. வடிக்கிறதுக்கு முன்னாடி மேல ஊத்துற போல்ட்ட முதல்ல கழட்டி பாத்துக்கணும், கீழ வடிச்சுட்டு மேல போல்ட் இறுகி வரலன்னா வண்டி அந்த இடத்துலயே நின்னுடும். ஆயில் பால் காபி கலர்ல இருந்தா தண்ணி போயிருக்கு. வடிக்கிற போல்ட்ல காந்தம் இருந்தா அதுல சாம்பல் கலர்ல மை மாதிரி ஒட்டியிருக்குறது சகஜம், பயப்படாதீங்க. மஞ்சளா மினுமினுன்னு பொடி நிறைய இருந்தா சிங்க்ரோ ரிங்கோ பித்தளை பூசின ஃபோர்க்கோ தேயுது. விரல்ல கரகரன்னு சில்லு மாட்டினா பல்லு உடைஞ்சிருக்கு, அதுக்கு மேல வண்டிய ஓட்டாதீங்க.

தண்ணி இருந்தா ஆயில மாத்தி கொஞ்ச தூரம் ஓட்டி சூடானதும் திரும்ப ஒரு தடவ மாத்துங்க. டீசல் இல்லன்னா மண்ணெண்ணெய் ஊத்தி ஓட்டி கழுவுறேன்னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நம்ம ஊர்ல இது ஒரு வழக்கம், அது பேரிங்குக்கும் சிங்க்ரோவுக்கும் ஆகாது. ஆயில் எதுன்னு கேட்டீங்க. உங்க வண்டில கியரும், ரெண்டு சக்கரத்துக்கும் பலத்த பிரிச்சு குடுக்குற டிஃபரென்ஷியலும் ஒரே பொட்டில, ஒரே ஆயில்ல ஓடுது, அதனால கடைல கிடைக்குற ஏதோ ஒரு 75டபிள்யூ-90 கெட்டித்தன்மை ஆயில ஊத்தக் கூடாது. டிஃபரென்ஷியலுக்கு ஏத்த ஜிஎல்-5 தர ஆயில்ல சிலது ரொம்ப வழுக்கி சிங்க்ரோ ரிங்க பிடிக்க விடாது, சிலதுல இருக்குற கந்தக சேர்மானம் பித்தளைய அரிக்கும், வெறும் ஜிஎல்-4 ஊத்தினா டிஃபரென்ஷியலுக்கு பத்தாம போகலாம். ஓனர் புக்குல போட்டிருக்குற அந்த ஸ்பெக் ஆயில் விலை ஜாஸ்தி தான், இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. காலைல ரெண்டாவது கத்துறது பாதி நேரம் சரியான ஆயில்லயே அடங்கிடும், குளிர்ந்த ஆயில் கெட்டியா இருக்கும்போது தான் சிங்க்ரோ தடுமாறும். அடங்கலன்னா ரிங்கு தேஞ்சிருக்கு.

வெளியிலேர்ந்து உள்ள போங்க

முதல்ல கிளட்ச். வண்டிய ஓட விட்டு, நின்ன இடத்துலயே கிளட்ச்ச முழுசா மிதிச்சு அஞ்சாறு நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்க. அப்பவும் கர்ர்ருனா கிளட்ச் முழுசா விடல, பொட்டிக்கு சம்பந்தமே இல்ல, கிளட்ச் ஹைட்ராலிக்க பாக்கணும். என்ஜின் ஆஃப்ல எல்லா கியரும் லேசா விழுது, ஆன்ல மட்டும் முரண்டு பிடிக்குதுன்னாலும் அதே கதை தான்.

அடுத்து லிஃப்ட்ல ஏத்துங்க, லிஃப்ட் இல்லன்னா நாலு ஸ்டாண்டு வச்சு, வெறும் ஜாக்கிய நம்பி யாரும் அடில போகக் கூடாது. ஒருத்தர் உள்ள உக்காந்து ராட மெதுவா அசைக்கட்டும், இன்னொருத்தர் அடில பொட்டியோட செலக்டர் லிவர பாக்கட்டும். ராடு இவ்வளவு தூரம் போயும் லிவர் அசையலன்னா ஆட்டம் வெளிய தான், எந்த முனைல புஷ்ஷு ஆடுதுன்னு கண்ணாலயே பாத்துடலாம். அப்புறம் ரெண்டு கேபிளையும் லிவர்லேர்ந்து கழட்டிட்டு, லிவர கையால போட்டு பாருங்க. ஒவ்வொரு கியரும் டக்குனு உக்காரணும், விட்டா மூணு நாலு வரிசைக்கு நேரா தானா திரும்பி வரணும். அப்படி வந்தா உள்ள இருக்குற செலக்டர் பாகம் நல்லாருக்குன்னு பாதிக்கு மேல நம்பலாம். இறுக்கமா, ஒட்டி ஒட்டி வந்தா துரு. மூணாவது மட்டும் டக்குனு உக்காராம மொழுக்குனு போனா டீட்டெண்டோ ஷிஃப்ட் ராடோ ஃபோர்க்கோ தான் காரணம். கழட்டின கேபிளையும் கையில பிடிச்சு இழுத்து பாருங்க, சுலபமா ஓடணும். என்ஜின் மவுண்டையும் ஒரு கடப்பாரை வச்சு நெம்பி பாத்துடுங்க, கேபிளுக்கு பதிலா ராடு இணைப்பு இருக்குற பழைய வண்டிகள்ல மவுண்டு போனாலே கியர் கழண்டுடும், கேபிள் வண்டில அது கம்மி தான், ஆனா பாக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா.

இது எல்லாமே சேத்து ஒரு அரை நாள் வேலை. அந்த ஒர்க்‌ஷாப் இதுல எத செஞ்சாங்கன்னு உங்க லெட்டர்ல இல்ல, கம்ப்யூட்டர்ல ஸ்கேன் பண்ணாங்க, ஒரு ரவுண்டு ஓட்டினாங்கன்னு மட்டும் இருக்கு. மேனுவல் பொட்டிக்குள்ள ஃபோர்க்கு தேஞ்சத ஸ்கேனர் சொல்லாது தம்பி.

புஷ்ஷு தான்னு தெரிஞ்சா கம்பெனி புஷ்ஷு தனியா கிடைக்காம முழு கேபிளா தான் வாங்கணும்னு சொல்லலாம். அங்க லேத்காரர் உண்மையிலயே உதவுவாரு. டெல்ரின்னு ஒரு பிளாஸ்டிக் ராடு கடைல கிடைக்கும், அதுல அளவெடுத்து கடைஞ்சா அருமையா உக்காரும். நைலான் வேண்டாம், அது ஈரத்த இழுத்து ஊதிக்கும், நம்ம கடலோர ஊருக்கு ஆகாது. புஷ்ஷு போட்டதும் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட்ட மேனுவல்படி புதுசா வைக்கணும், அதையும் செஞ்சாதான் ஸ்லீவு முழு தூரம் போகும். இத செஞ்சுட்டு ஓட்டி பாத்து மூணாவது நின்னா உங்க அதிர்ஷ்டம், பல்லு இன்னும் உருளல.

பொட்டிய இறக்கித் தான் ஆகணும்னா

மேல சொன்னதெல்லாம் செஞ்சும் மூணாவது கழண்டா இறக்கணும், வேற வழியில்ல. அப்ப "ஃபோர்க்கு மாத்துங்க"ன்னு சொல்லாதீங்க, அளந்து சொல்லுங்கன்னு கேளுங்க. ஃபோர்க்கோட நுனிக்கும் ஸ்லீவு பள்ளத்துக்கும் நடுவுல ஃபீலர் கேஜ்ங்கிற இடைவெளி அளக்குற தகடு விட்டு பாப்பாங்க, சில ஜப்பான் காருக்கு 1 மில்லிமீட்டர் தான் கடைசி எல்லை, உங்க வண்டிக்கு அதோட ஒர்க்‌ஷாப் மேனுவல்ல இருக்குற அளவு. ஃபோர்க்கோட ரெண்டு காதும் சமமா தேஞ்சிருக்கான்னு பாக்கணும், ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா ஃபோர்க்கு வளைஞ்சிருக்கு. சிங்க்ரோ ரிங்க கியர் கோன் மேல அழுத்தி பிடிச்சு இடைவெளிய அளக்கணும், ரிங்கு தேயத் தேய அது குறைஞ்சுகிட்டே வரும். ஸ்லீவோட பல்லையும் மூணாவது கியரோட சின்ன பல்லையும் நல்ல வெளிச்சத்துல பாக்கணும், பக்கத்துல நாலாவதோட பல்ல வச்சு ஒப்பிட்டு பாத்தா உங்க கண்ணுக்கே வித்தியாசம் தெரியும், போட்டோ எடுத்து அனுப்ப சொல்லுங்க.

தேஞ்சிருந்தா ஒண்ணு ஒண்ணா மாத்துறதுல அர்த்தமில்ல. ஃபோர்க்கு, ஸ்லீவும் அது உக்காந்திருக்குற ஹப்பும் ஜோடியா, டீட்டெண்ட் ஸ்பிரிங், பால், அந்த வரிசையோட சிங்க்ரோ ரிங்கு, எல்லா சீலும், பல்லு உருண்டிருந்தா அந்த கியரும். பள்ளம் விழுந்த பழைய ஸ்லீவுல புது ஃபோர்க்க போட்டா அது புது ஃபோர்க்க சீக்கிரமே தின்னுடும். டீட்டெண்ட் ஸ்பிரிங்குக்கு அடில வாஷர் வச்சு இறுக்கினா சரியாயிடும்னு சொல்றவங்க இருக்காங்க, கியர் போட கை வலிக்கும், ஃபோர்க்கு மேல சுமை ஏறும், உருண்ட பல்லு உருண்டதாவே தான் இருக்கும். இன்னொண்ணு, டிஃபரென்ஷியல் பேரிங்குக்கு ஷிம்முங்கிற மெல்லிசு தகடு வச்சு இறுக்கம் செட் பண்ணியிருப்பாங்க, அத அளக்காம கழட்டி மாட்டினா கியர் சரியாகி டிஃபரென்ஷியல் கத்த ஆரம்பிக்கும். அதனால இந்த மாதிரி கியரும் டிஃபரென்ஷியலும் ஒண்ணா இருக்குற பொட்டிய (ட்ரான்ஸ்ஆக்சில்) பிரிச்சு பழகின ஆளா பாருங்க, தூரமா இருந்தாலும் பரவால்ல.

வெல்டிங் பத்தி. ஸ்டீல் ஃபோர்க்கா இருந்து, வளையாம, நுனி மட்டும் தேஞ்சிருந்தா, பித்தளை வச்சு ஊதி மில்லிங்ல அளவுக்கு கொண்டு வர்ற நல்ல கைகாரங்க இருக்காங்க, டிராக்டர், லாரி பொட்டில இது காலங்காலமா நடக்குது, நான் கேவலமா நினைக்கல. ஆனா சூடு பட்டா ஃபோர்க்கு கோணும், கடினமும் போகும், ஊதினதுக்கு அப்புறம் காது ரெண்டும் ஒரே தளத்துல இருக்கான்னு அளந்தே ஆகணும். அலுமினிய ஃபோர்க்குனா கை வைக்கவே விடாதீங்க. அதவிட பெரிய விஷயம், லேத்காரர் உங்க ஃபோர்க்க இன்னும் கண்ணாலயே பாக்கல, அது ஸ்டீலான்னு கூட அவருக்கு தெரியாது. புது ஃபோர்க்கு எங்கயுமே கிடைக்காத வண்டிக்கு தான் நான் இத யோசிப்பேன், உங்க வண்டிக்கு பார்ட்ஸ் வரவழைக்கலாம்.

பழைய பொட்டி வாங்குறதும் ஒரு வழி தான், முழுசா வேண்டாம்னு சொல்லல. உங்க பொட்டில கேஸு வெடிச்சிருந்தாலோ, ரெண்டு மூணு கியர் பல்லு போயிருந்தாலோ அது கணக்குக்கு சரியா வரும். ஆனா அந்த பொட்டியும் யாரோ 15 வருஷம் ஓட்டினது, அதுவும் எந்த வெள்ளத்துல நின்னுச்சோ. பொட்டி மேல அடிச்சிருக்குற கோடு உங்க வண்டியோட கோடுதானான்னு பாக்கணும், ஒரே மாதிரி இருந்தும் கியர் ரேஷியோ மாறி இருக்கும். ஆயில வடிச்சு பாத்து, கையால சுத்தி, ஆறு கியரும் போட்டு பாத்து தான் காசு குடுக்கணும், சென்னை புதுப்பேட்டைலேர்ந்து வந்தாலும் சரி கப்பல்ல வந்தாலும் சரி. ஆர்சில இருக்குறது என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் தான், கியர் பாக்ஸ் மாத்தினதுக்கு ஆர்டிஓ போக வேண்டியதில்ல. ஆனா "என்ஜினும் பொட்டியும் செட்டா தர்றேன்"னு யாராவது ஆசை காட்டினா அங்க நில்லுங்க, என்ஜின் மாத்தினா ஆர்டிஓல முறையா பதியணும்.

ஒர்க்‌ஷாப்பு, பில்லு, இன்சூரன்ஸு

வண்டி இன்னும் அவங்ககிட்ட தான் நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க, குடுக்க மாட்டேன்னு சொல்லிடுவாங்களோன்னு பயம். 1872 ஒப்பந்த சட்டம் 170வது பிரிவு, உழைப்போ திறமையோ போட்டு வேலை செஞ்சவர் அதுக்கான நியாயமான கூலி வர்ற வரைக்கும் பொருள வச்சுக்கலாம்னு சொல்லுது. அதனால சண்டை போட்டு வண்டிய தள்ளிட்டு வர முடியாது. ஆனா செஞ்ச வேலைக்கு மட்டும் தான் அந்த உரிமை, செய்யாத வேலைக்கு இல்ல. 15,000த்துக்கு என்னென்ன பாத்தீங்கன்னு பில்லுல ஐட்டம் ஐட்டமா எழுதி தர சொல்லுங்க. முன்னாடியே ஜாப் கார்டுல அந்த ரேட்டுக்கு நீங்க கையெழுத்து போட்டிருந்தா குடுத்து தான் ஆகணும். போடலன்னா பேரம் பேசுங்க, ஒத்து வரலன்னா "ஆட்சேபணையோட கட்டுறேன்"னு பில்லுலயே எழுதி கட்டிட்டு வண்டிய வெளிய எடுங்க, எழுத்து இருந்தா பின்னாடி கேக்கலாம்.

கேக்குறதுக்கு இடமும் இருக்கு. 1915ன்னு நுகர்வோர் ஹெல்ப்லைன், முதல்ல அதுல பதிங்க, நிறைய விஷயம் அங்கயே முடிஞ்சிடும். முடியலன்னா 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி மாவட்ட ஆணையம், ஒர்க்‌ஷாப் பாண்டில இருந்தாலும் நீங்க குடியிருக்குற கடலூர்லயே போடலாம், பிரச்சனை நடந்ததுலேர்ந்து ரெண்டு வருஷத்துக்குள்ள. நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் இல்ல. ஆனா இப்ப உங்க கைல இருக்குறது ஒரு எஸ்டிமேட் மட்டும் தான், தப்பான எஸ்டிமேட்டுக்காக கேஸ் போடுற அளவுக்கு இது இல்ல, 15,000 பில்லு அநியாயமா வந்தா மட்டும் பாருங்க. இனிமே எந்த ஒர்க்‌ஷாப்ல விட்டாலும் "செக்கிங் மட்டும், கேக்காம பிரிக்க கூடாது, கழட்டின பழைய பார்ட்ஸ திருப்பி குடுக்கணும்"னு ஜாப் கார்டுல எழுதிட்டு விடுங்க.

இன்சூரன்ஸ்ல தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பழுதுக்கும் காசு கிடையாது, பம்பர் டு பம்பர் போட்டிருந்தாலும். வெள்ளம் பாலிசில வரும், ஆனா தண்ணி உள்ள போய் பொட்டி கெட்டதுக்கு பெரும்பாலும் என்ஜின் கியர் பாக்ஸ் ப்ரொடெக்ட்னு தனியா ஒரு ஆட் ஆன் இருந்திருக்கணும், வெள்ளம் வந்த உடனேயும் சொல்லியிருக்கணும். இவ்வளவு நாள் கழிச்சு புது வெள்ளத்துல கெட்ட மாதிரி எழுதி குடுக்கலாம்னு யாராவது ஐடியா குடுத்தா கேக்காதீங்க, அது மோசடி.

மச்சான்

பாதி காசு கேக்காதீங்க தம்பி. ஃபோர்க்கும் பல்லும் ஒரு நாள் மரக்காணம் ரவுண்டுல தேயாது, மாசக்கணக்கா, வருஷக்கணக்கா தேயுறது. ராடு ஆடுறது ரொம்ப நாளா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவர் ஓட்டினப்ப கடைசி துளி தேஞ்சிருக்கலாம், நீங்க ஓட்டியிருந்தாலும் அதே வாரம் கழண்டிருக்கும். ஒர்க்‌ஷாப்காரர் "தப்பா ஓட்டியிருக்காங்க"ன்னு சொன்ன ஒரு வார்த்தைய வச்சு வீட்டுல இவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

ஒருத்தர் ஓட்டுறதால ஒரே நாள்ல கெடுறது வேற ஒண்ணு இருக்கு, அத மட்டும் செக் பண்ணிக்கோங்க. அஞ்சுலேர்ந்து நாலு போடுறேன்னு ரெண்டு விழுந்துட்டா சக்கரம் என்ஜின இழுத்து எல்லைக்கு மேல சுத்த வச்சிடும், என்ஜின் சுத்துற வேகத்துக்கு எல்லை வைக்கிற ரெவ் லிமிட்டரால அத தடுக்க முடியாது, வால்வு பிஸ்டன்ல இடிக்கலாம். ஆட்டம் இருக்குற ராடுல இது நடக்க வாய்ப்பு ஜாஸ்தி. சில ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார்கள்ல என்ஜின் எத்தனாவது மணி நேரத்துல எல்லைய தாண்டிச்சுன்னு ஈசியுங்கிற என்ஜின் கம்ப்யூட்டர் பதிஞ்சு வச்சிருக்கும், நல்ல ஸ்கேனர்ல படிக்கலாம். இது மச்சான மாட்டி விடுறதுக்கு இல்ல, என்ஜின் நல்லாருக்கான்னு தெரிஞ்சுக்க. அதுல ஏதாவது இருந்தாலும் அது என்ஜின் சமாச்சாரம், மூணாவது கியருக்கும் அதுக்கும் தொடர்பு கிடையாது. இதே காரணத்துக்காக தான் புஷ்ஷு மாத்துற வரைக்கும் வண்டிய ஈசிஆர்ல வேகமா ஓட்டாதீங்கன்னு சொல்றேன், முடிஞ்சா எடுக்கவே எடுக்காதீங்க. மூணாவது கழலுதேன்னு கையால ராட அழுத்தி பிடிச்சுட்டே ஓட்டுறதும் வேண்டாம், சும்மா கைய ராடு மேல வச்சுட்டு ஓட்டுற பழக்கமும் வேண்டாம், சுத்திட்டு இருக்குற ஸ்லீவு மேல ஃபோர்க்க நீங்களே தேய்க்கிற மாதிரி அது.

விக்கிறத பத்தி, இப்ப வித்தா மூணாவது கழலுதுன்னு சொல்லி தான் விக்கணும், பாதி விலை கூட வராது. மறைச்சு வித்தா பின்னாடி உங்க தலைல தான் விழும். அரை நாள் வேலை பாத்து ஆட்டம் எங்கன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் வீட்டுல உக்காந்து பேசுங்க, அப்ப மனைவி சொல்றது சரியா கூட இருக்கலாம். மச்சானுக்கு இன்னைக்கே ஒரு போன் போடுங்க, அதுக்கு ஆயில் கலர பாக்குற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.

வண்டிய வெளிய எடுத்து ஆயில வடிச்சதும் கலர் என்ன, காந்தத்துல என்ன ஒட்டியிருந்துச்சு, கேபிள கழட்டிட்டு கையால போட்டப்ப மூணாவது எப்படி உக்காந்துச்சு, இந்த மூணையும் போட்டோவோட எழுதுங்க. பொட்டிய இறக்கணுமா வேணாமான்னு அத பாத்துட்டு சொல்றேன்.